டிராபிக் பாயின்ட்டில் நிற்பவருக்கு முதலில் ஒரு கழிப்பறை கொடுங்கள்

போக்குவரத்து போலீசின் மனநலம் என்று பேச்சு வந்தாலே யோகா, தியானம், கவுன்சலிங் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022-லிருந்து டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, 14416-க்கு யாரும் இலவசமாகப் பேசலாம். ஆனால் பேசினது ஸ்டேஷனில் தெரிந்தால் "லூசு" என்று பெயர் வைத்துவிடுவார்களே என்ற பயம் இருக்கும்வரை எத்தனை பேர் போனை எடுப்பார்கள்?

முகூர்த்த நாளில் கும்பகோணம் பாலக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். மண்டபத்து வேன், நவக்கிரகக் கோயில் சுற்ற வந்த வெளியூர் கார், தை மாதமானால் அறுவடை மெஷின் ஏற்றிய லாரி, எல்லாம் ஒன்றாக வந்து முட்டும். தெரு குறுகலானதற்கும் கடைகள் ரோட்டுக்கு வந்ததற்கும் ஏட்டய்யா என்ன செய்வார்? திட்டு மட்டும் அவருக்கு.

எங்கள் தெருவில் ஒரு ஏட்டு குடியிருக்கிறார். டூட்டி நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. "ஒண்ணுக்குப் போகணும்னா பாயின்ட்ட விட்டுப் போகணும் சார். அந்த நேரம் பார்த்து அதிகாரி வண்டி வந்தா மைக்ல வாங்கிக் கட்டிக்கணும்" என்றார். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு, தலை வலித்து நிற்கிறவர் ஹெல்மெட் போடாத பையனிடம் எரிந்து விழுகிறார். அதை அவன் வீடியோ எடுக்கிறான். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஊரே பார்க்கிறது, அவர் வீட்டுப் பிள்ளைகள் உட்பட. பெண் காவலர்கள் பாடு இன்னும் மோசம்.

அப்புறம் சத்தம். கடைத்தெருப் பகுதியில் பகலில் 65 டெசிபல்தான் சட்டப்படி வரம்பு. நம் தஞ்சாவூர், மயிலாடுதுறை பஸ்களின் ஏர்ஹாரனுக்கு அதெல்லாம் தெரியாது. நாள் முழுக்கக் காதில் வாங்கினவருக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

வார விடுமுறைக்கு 2021-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனால் திருவாரூர் ஆழித்தேர், விஐபி வருகை, ஏதாவது ஒரு மறியல் என்று வந்தால் முதலில் போவது அந்த லீவுதான்.

"லஞ்சம் வாங்குகிறார்களே" என்று கீழே கமென்ட் வரும், தெரியும். அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். வாங்காதவருக்கும் இதே வெயில்தான்.

2028-ல் மகாமகம் வருகிறது. ரோடு, குளம், பார்க்கிங் என்று திட்டம் போடும்போது பாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, மேலே ஒரு நிழல், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம், இதையும் எழுதிச் சேருங்கள். கவுன்சலிங் வகுப்பை அதற்கப்புறம் வையுங்கள்.