முப்பது பேரைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம்

நேற்று ஒரு மேடையில் ஒருவர் நம் புதுச்சேரி சட்டப்பேரவையைப் பற்றிப் பேசினார். "நியமன எம்.எல்.ஏ.வும் எம்.எல்.ஏ.தான், என்ன வித்தியாசம்?" என்று அவர் கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கு நம் ஊர்க்காரர்களே கைதட்டினார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

வித்தியாசம் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுப்பது புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹே 1, ஏனாம் 1. இந்த 30 பேரும் வாசலில் நின்று கைகூப்பி ஓட்டுக் கேட்டவர்கள். மற்ற 3 பேர் யார் வாசலிலும் நிற்கவில்லை. மத்திய அரசு நியமித்தது, உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

2021 ஏப்ரல் 6, அரியாங்குப்பம். அம்மாவுக்கு முட்டி வலி, போதாததற்குக் கொரோனா பயம். சாவடியில் கொடுத்த கையுறை விரலில் ஏறவே இல்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். "சின்னத் தொகுதிடா, நாலு ஓட்டுல தோத்துடுவாங்க" என்று வரிசையை விட்டு நகரவில்லை. அந்தத் தேர்தலில் பா.ஜ.க. வென்றது 6 இடம். மே மாதமே 3 நியமனம், ஆக 9. அந்த மூவருக்கு என் அம்மா எந்த வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்?

இப்படி நியமிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2018இல் சொல்லிவிட்டதே என்பீர்கள். சரி, சட்டப்படி செல்லும். 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது. எழுதியதைத் திருத்தக் கூடாதா? மாநிலங்களவையிலும் 12 நியமனம் உண்டே என்பவர்களுக்கு: அவர்கள் ஓட்டால் ஆட்சி கவிழாது. இங்கே நிலைமை வேறு. அந்தத் தேர்தலுக்கு முன்பு, 2021 பிப்ரவரி 22 அன்று நாராயணசாமியின் காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்தபோது, ஆளுந்தரப்பில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12 பேர். எதிரே மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11, அப்போதைய நியமனம் 3. கூட்டிப் பாருங்கள். ராஜினாமா செய்த ஆளுந்தரப்பு எம்.எல்.ஏ.க்களால்தான் ஆட்சி போனது என்று வாதம் செய்யலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மூன்று ஓட்டு அங்கே எப்படி வந்தது என்ற என் கேள்விக்கு அது பதில் இல்லையே.

நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நாளை வேறு கட்சி டெல்லியில் உட்கார்ந்து மூன்று பேரை அனுப்பினாலும் இதையேதான் எழுதுவேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தப்பா மகன், "உங்க சட்டசபையில மெஜாரிட்டி யாருக்குன்னு டெல்லியில்ல சொல்லணும்" என்று சிரிக்கிறான். ஆற்றுக்கு அந்தப்பக்கம் அவன் ஓட்டு முழு ஓட்டு. தமிழ்நாட்டில் 234 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த ஒரு நியமன இடமும் 2020இல் போய்விட்டது. நாங்கள் மட்டும் என்ன குறைந்தவர்கள்? மாநில அந்தஸ்து கேட்டு எத்தனை தீர்மானம் போட்டாகிவிட்டது, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு நம் ஆட்களே கைதட்டுகிறார்கள்.

அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீர் எல்லாம் அப்புறம். நியமன இடத்தை எடுக்கச் சொல்லிப் பேரவையில் பேசுவீர்களா, மாட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.