பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன்

கடிவாளத்தை எதிர்த்துத் தலையை உதறும் குதிரைக்குக் கண்டிப்பான பயிற்சியே தீர்வு என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. குதிரை மூக்கு வழியாக மட்டுமே மூச்சுவிடும் விலங்கு. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்ற ஒழுங்கில் அது ஓடுவதால், இடப்புறக் குரல்வளை நரம்பு செயலிழந்தோ மென்னண்ணம் (வாயின் மேற்பகுதியின் பின்புறமுள்ள மென்மையான தசை) இடம்பெயர்ந்தோ காற்றுவழி குறுகும்போது, திடீரென வேகத்தைக் குறைப்பதும் தடை தாண்ட மறுப்பதும் மூச்சுத்திணறலின் வெளிப்பாடாகவே இருக்கக்கூடும். முகவாயை மார்போடு சேர்த்துக் கழுத்தை வளைத்து ஓட்டினால் தொண்டை இன்னும் நெருக்கப்படுகிறது (அந்த நேரத்திலும் கடிவாளத்தை இறுக்குபவரைப் பார்த்தால், பிடிவாதம் யாருக்கு என்ற ஐயம் எழுகிறது). குதிரை நின்ற நிலையில் செய்யும் எண்டோஸ்கோப்பியில் (மூக்கு வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தித் தொண்டையைப் பார்க்கும் சோதனையில்) மென்னண்ணக் கோளாறு பல நேரங்களில் தென்படாது. ஓடும்போதே பார்க்க வேண்டியிருக்கும். சென்னையில் குதிரையேற்றம் கற்பிப்போர், ஓட்டத்தில் குதிரையின் மூச்சில் கரகரப்பு கேட்டால் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்குமாறு மாணவர்களுக்கும் சொல்லித்தரலாம்.