டீ ஊற்றுகிறவனைத் திட்டாதீர்கள்

ஊட்டியில் கோயில் திருவிழா என்றால் டீ ஊற்ற நானே ஆசையாகப் போய் நிற்பேன். ஆனால் இந்த "சூடே இல்லையே தம்பி" இருக்கிறதே, இனி தாங்காது! 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். அதற்கு மேல் சூட்டுக்கு நான் எங்கே போவேன்? வாங்கிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசி, ஆடை படிந்த பிறகு குடித்தால் பனிக்காற்று சும்மா விடுமா? அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு என் கட்டைவிரல் கொப்புளித்துக் கிடக்கிறது, சூடில்லையாம்!

ஒருவருக்குச் சர்க்கரை கம்மி, இன்னொருவருக்குப் பாலே வேண்டாம். எல்லாம் ஒரே அண்டாவில் கலந்தது அண்ணே!

அப்புறம் டம்ளர். பிளாஸ்டிக் கப்புக்கு 2019-லிருந்தே தமிழகம் முழுக்கத் தடை, அதனால் எவர்சில்வர். குடித்ததும் அதை மதில் மேல், செருப்புக் குவியலில், யாரோ நிறுத்திய கார் மேல் வைத்துவிட்டுப் போவதா? நாலடி நடந்து தொட்டியில் போடக் கால் வலிக்கிறதா? வரிசை நீள்கிறது, டம்ளர் இல்லை, திட்டு மட்டும் எனக்கு!