பாதித்தது எந்தப் பக்கத்தில்?

எண்களை அல்லாமல் நேர்காணல்களையும் களப்பார்வையையும் நம்பி எழுதும் பண்புசார் ஆய்வேடு எதை எடுத்தாலும் ஆய்வுமுறை இயலில் இப்போது ஒரு பத்தி தவறாமல் இருக்கிறது. "ஆய்வாளராகிய நான் நடுத்தர வர்க்கப் பெண், நகரத்தில் வளர்ந்தவள். இது என் ஆய்வைப் பாதித்திருக்கலாம்." அடுத்த பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணைக் காணவே காணோம். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேள்வி வராமலிருக்கக் கட்டிக்கொள்ளும் தாயத்தாகிவிட்டது அந்தப் பத்தி.

சரி, பாதித்தது எந்தப் பக்கத்தில்? அதை நேர்காணலின் எழுத்துப்படியில்தான் தேட வேண்டும். சமீபத்தில் பார்த்த ஒன்றில், வேலையை விட்ட ஒருவர் சொல்கிறார்: "விட்டுட்டேன். அப்புறம் வீட்லதான்." ஆய்வாளர் உடனே, "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லையா?" பதில்: "ம்... ஆமா." ஓரத்தில் 'இழப்புணர்வு' என்று கோடிங், அதாவது அந்தப் பதிலுக்கு ஒட்டிய கருத்துப்பெயர்!

யாருடைய இழப்பு அது? அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம். அந்த "ம்" வந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும். இந்தக் கேள்வியை ஆய்வேட்டில் அப்படியே எடுத்துப்போட்டு, 'இங்கே பதிலை நான் எடுத்துக்கொடுத்தேன்' என்று எழுதினால் அது தன்னாய்வு. சாதி, வர்க்கம், பாலினம் என்று விண்ணப்பப் படிவம்போல நிரப்புவது அல்ல.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஆலன் பெஷ்கின் 1988இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பள்ளியை ஆராய்ந்தபோது எங்கே நெகிழ்ந்தார், எங்கே எரிச்சல் வந்தது, எதை விட்டு விலகத் தோன்றியது என்று களத்திலேயே குறித்துக்கொண்டு வந்தார். ஆறு 'நான்'கள், அதாவது ஆய்வுக்குள் தலைநீட்டிய தன் ஆறு முகங்கள், அகப்பட்டன. எல்லாம் முடிந்தபின் நாற்காலியில் சாய்ந்து யோசித்திருந்தால் இரண்டுகூடத் தேறியிருக்காது என்பது என் எண்ணம்.

உடனே, "அப்படியானால் அகவயத்தை, ஆய்வாளரின் சொந்த உணர்வையும் பார்வையையும், வடிகட்டிவிடலாமே" என்பார்கள். முடியாது, கூடவும் கூடாது. மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ பிலிப்பைன்ஸில், மனிதத் தலை வேட்டையாடும் வழக்கம் இருந்த இலொங்கோட் மக்களிடம், ஏன் தலை வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். துக்கத்தில் பிறக்கும் கோபம், அதைத் தூக்கி எறியத்தான் என்றார்கள். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பின்னால் ஏதோ ஆழமான சமூக ஏற்பாடு இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். 1981இல் பிலிப்பைன்ஸிலேயே, இஃபுகாவோ என்னும் வேறொரு மக்களிடையே களப்பணியின்போது அவர் மனைவி மிஷெல் தவறி விழுந்து இறந்தார். தன் துக்கத்துக்குள் கொந்தளித்த கோபத்தைக் கண்டபிறகுதான் இலொங்கோட் மக்கள் சொன்னது அப்படியே உண்மை என்று புரிந்தது. அதுவரை அவர் விலகி நின்று பார்த்ததும் ஒரு சார்புதான். அதை யாரும் சார்பு என்று சொல்லவில்லை, அவ்வளவே.

ஆனாலும் தன் துக்கமும் இலொங்கோட் மக்களின் துக்கமும் ஒன்று என்று ரொசால்டோ எழுதவில்லை. இங்கே சிலர் ஆய்வேடு முழுக்கத் தங்கள் கதையையே எழுதிவிட்டு, பேட்டி கொடுத்தவர்களுக்கு நாலு வரி ஒதுக்குகிறார்கள். அதற்கு நாட்குறிப்பு போதுமே!

இனி யாராவது வரைவு அனுப்பினால் அந்தப் பத்தியைக் கடைசியாகத்தான் படிப்பேன். முதலில் எழுத்துப்படி வேண்டும், அதிலும் ஆய்வாளர் பேசிய வரிகள்.