கத்திரி வெயிலில் பி.ஐ.ஆர். சென்சார் வேண்டாமே

ஆள் கிட்டே போனால் விளக்கு அலையடிக்கணும், மேலே தொங்கும் உருண்டைகள் இறங்கி வரணும். கல்லூரி விழாவோ குடியாத்தம் சிரசுத் திருவிழாவோ, இப்போது கேட்பது இப்படி ஆளைப் பார்த்து ஆடும் சிற்பத்தைத்தான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் யூடியூபில் பார்த்த பார்ட்ஸ் லிஸ்டை அப்படியே வாங்கிவந்து வேலூர் மே மாசத்தில் மாட்டினால் ஓடாது.

முதலில் படுப்பது, உடல் சூட்டை வைத்து ஆள் வருவதைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார். பசங்க கோடில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், தப்பு கோடில் இல்லை. தோலுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் நகர்வதைத்தான் அது பார்க்கிறது. தோல் 34 டிகிரி, பகலெல்லாம் காய்ந்த சுவரும் கிட்டத்தட்ட அதே சூடு என்றால், அதைப் பொறுத்தவரை எதிரில் ஆளே இல்லை. பொழுது சாய்ந்த பிறகும் கோட்டை மதிலைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

பதிலுக்கு 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் போடுங்கள், எல்.டி.2410 மாதிரி. வெயில் அதற்குப் பிரச்சினை இல்லை. வேறொரு வம்பு உண்டு: நீங்கள் ஆட்டிவிடும் உருண்டையையும், பந்தல் ஃபேனையும் அது ஆள் என்று எண்ணிக்கொள்ளும். அப்புறம் சிற்பம் தன்னைத்தானே பார்த்து ஆடும்! தூரத்தை 0.75 மீட்டருக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, கட்டம் கட்டமாக உணர்திறனை மாற்ற அதில் வசதி இருக்கிறது. உருண்டை தொங்கும் கட்டங்களில் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது பவர். மீட்டருக்கு 60 பிக்ஸல் (தனித்தனியாக நிறம் மாறும் குட்டி விளக்கு) உள்ள 5 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், 5 மீட்டர் நீளம் என்றால் 300 பிக்ஸல். முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர், மொத்தம் 18 ஆம்பியர். ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறுமுனை வெள்ளை மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறத்துக்குப் போகும். வோல்டேஜ் இறங்கும்போது நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும். பந்தல் லைட் போடுகிறவர் தடித்த மெயின் ஒயர் இழுத்து அங்கங்கே கிளை எடுப்பாரே, அதேதான் இங்கேயும். இரண்டு முனையிலும் கொடுங்கள், நடுவில் ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் நிம்மதி. விளக்கை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் 3.3 வோல்ட் போர்டு என்றால், அதன் டேட்டா சிக்னலை 5 வோல்டுக்கு ஏற்ற நடுவே 74ஏஹெச்சிடி125 ஐ.சி. கட்டாயம். அது இல்லாமல் மேஜையில் ஓடும், மேடையில் மினுங்கும்.

அசையும் பாகத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: 3டி பிரின்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் அச்சடித்த கப்பி வேண்டாம். அந்த பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். உருண்டையை ஏற்றி இறக்கும் நீமா 17 ஸ்டெப்பர் மோட்டாரின் உடம்பு சாதாரணமாகவே அதைத் தாண்டும். கப்பி இளகி ஷாஃப்டில் வழுக்கும், மோட்டார் சுற்றும், உருண்டை சும்மா நிற்கும். அலுமினியக் கப்பி போடுங்கள். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவரில் சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால், ஒரு ஆம்பியருக்கு அதன் ரெஃபரன்ஸ் வோல்டேஜை (விரெஃப்) 0.8 வோல்டில் வையுங்கள், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

2008இல் ம்யூனிக் பி.எம்.டபிள்யூ. மியூசியத்தில் ஆர்ட்+காம் என்ற ஜெர்மன் டிசைன் ஸ்டூடியோ 714 உலோக உருண்டைகளைத் தொங்கவிட்டு ஆட்டியது. எல்லோரும் காட்டும் வீடியோ அதுதான். அது மியூசியக் கூரைக்குக் கீழே ஓடுவது. இங்கே கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் சில நொடியில் ஸ்டெப்பர் தான் எங்கே நின்றோம் என்பதையே மறந்துவிடும். உருண்டைக்கு ஒரு லிமிட் ஸ்விட்ச் (உச்சியில் தொட்டால் சொல்லும் ஸ்விட்ச்) வைத்து, கரண்ட் வந்ததும் மேலே போய்த் தொட்டுவிட்டு எண்ணத் தொடங்கும்படி எழுதுங்கள்.

டெஸ்டிங்கைச் சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். தகரக் கொட்டகையில் மதியம் 2 மணிக்கு, 5 வோல்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை பெட்டியின் மூடியைப் போட்டு, ஒரு மணி நேரம் முழு வெள்ளையில் ஓடவிடுங்கள்.