கச்சான் காத்துக்க கப் தூக்கப்போறது யாரு? அடுத்த கிழமை டெனிஸ் டோர்னமென்ட் பற்றி என்ட கணிப்பு

ட்ரோ, அதாவது யார் யாரோட விளையாடுறதெண்ட பட்டியல், வந்திட்டு. வந்த நேரத்தில இருந்து டவுன்ல எல்லாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் கதைக்கிறாங்க, கனடாவில இருந்து லீவுக்கு வந்திருக்கிற தம்பி. சேர்வ் அந்த மாதிரி, போர்ஹாண்ட் அந்த மாதிரி, கப் அவருக்குத்தான், மற்ற 15 பேரும் ரெண்டாவது இடத்துக்கு அடிபட வேண்டியதுதான் எண்டு. நான் அப்பிடி நினைக்கேல்ல. ஆடி மாசம் திருகோணமலையில, மதில் மரம் ஒண்டும் மறைக்காத சீமெந்து கோர்ட்ல, கச்சான் அடிக்கிற நேரம் நடக்கிற டோர்னமென்ட் இது. இதில யார் பலமா அடிக்கிறார் எண்டு பார்த்து கணிக்க ஏலாது, யார்ட பந்து ரெண்டு நாளும் லைனுக்கு உள்ள விழும் எண்டுதான் பார்க்கோணும்.

முதல்ல காத்தைப் பற்றிச் சொல்லியே ஆகோணும், ஏனெண்டா இந்த ட்ரோவில இருக்கிற ஒவ்வொருத்தரையும் நான் அதை வச்சுத்தான் பார்க்கிறன். எங்கட ஊர்ல கடலுக்குப் போறவங்களுக்கு வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எண்டு நாலு காத்தும் தண்ணி பட்ட பாடு. கோர்ட்ல நிக்கிற எங்களுக்கு இந்த மாசத்தில கச்சான்தான் கதை. மேற்கில இருந்து வாற காத்து, மழையெல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிப்போட்டு இங்க வந்து சேரேக்க காய்ஞ்சு சூடா இருக்கும், தொண்டை வரண்டுபோகும், பத்து மணிக்கே சீமெந்து சப்பாத்துக்குள்ளால சுடும். டெனிஸ் கோர்ட்டை வழமையா வடக்கு தெற்காத்தான் போடுறது, காலமையும் பின்னேரமும் வெயில் கண்ணுக்க அடிக்கக்கூடாதெண்டு. எங்கட கோர்ட்டும் அப்பிடித்தான். அப்ப கச்சான் முன்னுக்கோ பின்னுக்கோ இல்ல, பக்கத்தால அடிக்கும். தெற்குப் பக்கம் நிண்டு சேர்வ் பண்ணினா காத்து இடப்பக்கத்தால வந்து பந்தை வலப்பக்கம் இழுக்கும், வடக்குப் பக்கம் போனா எல்லாம் மறுவளம். ஒற்றைப்படை கேம் முடிய முடிய பக்கம் மாறுறதால ஒவ்வொரு ரெண்டு கேமுக்கும் ஒருக்கா கையை புதுசாப் பழக்கோணும். பந்து 60 கிராம் கூட வராது, லைன்ல போடுறன் எண்டு குறி வச்சா வெளியிலதான் போய் விழும், ஒரு மீட்டர் உள்ளுக்க குறி வைக்கிறவருக்குத்தான் இங்க வேலை.

இப்ப கனடாத் தம்பி. ஆள் நல்ல விளையாட்டுக்காரர், அதில எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. பின்னேரத்தில பிராக்டிஸ் பண்றதை போய்ப் பார்த்தனான், போர்ஹாண்ட் டொப்ஸ்பின் நெட்டுக்கு மேல நல்ல உயரத்தில போய் பேஸ்லைனுக்கு கிட்ட குத்தி எழும்புது, எதிரில நிக்கிறவருக்கு தோள் உயரத்தில வருது, எங்கட ஆட்கள் கனபேருக்கு அந்த உயரத்தில பேக்ஹாண்ட் அடிச்சே பழக்கமில்ல. ஆனா அவர் விளையாடி வளர்ந்தது முக்கால்வாசியும் இண்டோர்ல, அங்க குளிருக்கு வேற வழியும் இல்ல. கூரைக்கு கீழ பழகின சேர்வ் அது, டொஸ்ஸை அவ்வளவு உயரத்துக்கு எறியிறார், பந்து மேல போய் இறங்கி வாற நேரத்துக்குள்ள காத்து அதை ஒண்டரை அடி நகர்த்திப்போடும். தெற்குப் பக்கத்தில நிண்டா பந்து வலப்பக்கம் விலகிப் போகும், அவர் எட்டிப் பிடிச்சு அடிப்பார், வடக்குப் பக்கத்தில தலைக்குப் பின்னால போகும், முதுகை வளைச்சு அடிப்பார். பிராக்டிஸ்லயே நான் பார்த்தது, முதல் சேர்வ் நாலு போட்டா ஒண்டுதான் உள்ள. அது கச்சான் குறைஞ்ச நேரம் வேற. டொஸ்ஸை ஒரு அடி குறைச்சுக்கொண்டு முக்கால்வாசி வேகத்தில போட்டார் எண்டா இந்த கணிப்பை எல்லாம் அவர் கிழிச்சுப் போடுவார், ஆனா சின்ன வயசில இருந்து பழகின சேர்வை ஒரு கிழமைக்குள்ள மாத்துறது லேசில்ல. செமிபைனல் வரைக்கும் வருவார். அதுக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல.

ட்ரோவின்ட மேல் பாதியிலயே எனக்கு ஆசையா இருக்கிற ஒரு முதல் ரவுண்ட் இருக்கு. ரிட்டயர் ஆன எங்கட மாஸ்டர், அவருக்கு எதிரா பள்ளிக்கூடப் பொடியன். மாஸ்டருக்கு அறுபது தாண்டிட்டு, பொடியனுக்கு பதினாறு. மாஸ்டர் பழகினது மர ரக்கெட்டில, அந்த ரக்கெட்ட தலை 65 சதுர அங்குலம்தான் வரும், இப்ப பொடியன் வச்சிருக்கிறது 100. அந்தச் சின்னத் தலைக்க பந்தை நடுவில பிடிச்சுப் பழகின கை எண்டதால அவருக்கு இண்டைக்கும் தொடுகை அவ்வளவு வடிவு. இந்தியாவின்ட ராமநாதன் கிருஷ்ணன் 1960லயும் 1961லயும் விம்பிள்டன் செமிபைனல் வரைக்கும் போனது பலத்தால இல்ல, கை நளினத்தாலதான் எண்டு மாஸ்டர் எப்பவும் சொல்லுவார், அவர் பந்தை வெட்டி அடிக்கிற ஸ்லைஸைப் பார்த்தா அவர் யாரைப் பார்த்து ஆசைப்பட்டு விளையாட வந்தவர் எண்டு விளங்கும். காத்துக்க ஸ்லைஸ் ஒரு பெரிய ஆயுதம், தாழப் போகும், எழும்பாது, காத்து பிடிக்கிறதுக்கு நேரமும் குடுக்காது. முதல் செட் மாஸ்டருக்குப் போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டன். ஆனா பத்தரை மணி மட்ச் அது, ரெண்டாவது செட்டுக்கு வெயில் உச்சியில நிக்கும், பொடியன் ஓடுவான். அவன்ட ஓட்டம் மட்டும் இந்த ட்ரோவில யாருக்கும் இல்ல. அவனுக்கு இன்னும் செக்கண்ட் சேர்வ் எண்டு ஒண்டு இல்ல, சும்மா தள்ளிவிடுறான், அதை ஒருத்தர் உக்காந்து சொல்லிக் குடுத்தா ரெண்டு வருசத்தில இந்தக் கப் அவன்ட வீட்டிலதான் இருக்கும். அடுத்த வருசம் ஏ.எல். படிப்பு எண்டு வீட்டில ரக்கெட்டை வாங்கி வைக்காம இருந்தா சரி. அம்மா அப்பா பார்த்தா தயவுசெஞ்சு கேளுங்க, காலமை ஒரு மணித்தியாலம் விளையாடுறதால அவன்ட படிப்பு கெட்டுப்போகாது.

அவனுக்கு கால் இறுதியில நிக்கப்போறது கிண்ணியா நானா. என்ட கணிப்பு அவர்தான், இதை ட்ரோ வாறதுக்கு முந்தியே சொல்லிட்டன்.

நானாவைப் பற்றி ஒருத்தரும் பெரிசா கதைக்கிறதில்ல, ஏனெண்டா அவர்ட விளையாட்டில கதைக்கிற மாதிரி ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது. பி.டி. மாஸ்டர், கிழமைக்கு மூண்டு நாள் பின்னேரம் பாலத்தால மோட்டர் சைக்கிள்ல வாறவர். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்த பிறகுதான் அவருக்கு இது சரிவந்தது, முந்தி பாதை (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற படகு) ஓடின காலத்தில நேரத்தைப் பார்த்து ஓடிப்போய் ஏறோணும், பின்னேர விளையாட்டு நினைக்கவே ஏலாது எண்டு சொல்லுவார். 396 மீட்டர் பாலம் ஒண்டு எங்கட கோர்ட்டுக்கு ஒரு நல்ல விளையாட்டுக்காரனைத் தந்திருக்கு எண்டு நான் உண்மையிலயே நினைக்கிறன். அவர்ட சேர்வைப் பாருங்க, டொஸ் தலைக்கு மேல கொஞ்சம்தான் போகும், காத்துக்கு அதில செய்ய ஒண்டுமில்ல. ரெண்டு சேர்வையும் பிழையாப் போட்டு டபிள் ஃபோல்ட் விட்டு நான் கண்டது குறைவு. ரலி தொடங்கினா எல்லாம் குறுக்காலதான் அடிப்பார், நேர் லைனுக்கு அடிக்கிறது கையில பந்து பழம் மாதிரி வந்தா மட்டும். இதில ஒரு கணக்கு இருக்கு. நெட் ரெண்டு கரையிலயும் 1.07 மீட்டர், நடுவில 0.914 தான், குறுக்கால அடிச்சா பந்து தாழ்ந்த இடத்தைத் தாண்டுது. அதோட மூலைக்கு மூலை போற தூரம் நேரா அடிக்கிறதை விட கிட்டத்தட்ட 1.4 மீட்டர் கூட, அவ்வளவும் உங்களுக்குப் பிழை விடுறதுக்கு கிடைக்கிற இடம். எங்கட லெவல்ல பொயிண்ட் கூடுதலா முடியிறது நல்ல அடியால இல்ல, பிழையான அடியால. ஆறாவது, ஏழாவது அடிக்கு எதிரில நிக்கிறவர் பொறுமை கெட்டு லைனுக்கு அடிப்பார், காத்து வெளியில கொண்டுபோகும், நானா திரும்பி நடந்து போய் அடுத்த பந்தை எடுப்பார். ரெண்டு செட் இப்பிடி. கனடாத் தம்பியை செமிபைனல்ல இப்பிடித்தான் எடுப்பார் எண்டு நினைக்கிறன், முதல் செட் தம்பிக்குப் போகலாம், ரெண்டாவதில நாலு கேமுக்குப் பிறகு தம்பி லைனுக்குக் குறி வைக்கத் தொடங்குவார், அதோட மட்ச் மாறும்.

கீழ்ப் பாதியில ஒரே ஒரு பெயர்தான், இடக்கைக்கார எலெக்ட்ரிஷியன் அண்ணை. மற்ற ஆட்களைக் குறைச்சுச் சொல்லேல்ல, பேங்க்கில இருக்கிறவர்ட வொலி நல்லது, நேவி ஒஃபிசர் ரெண்டு பேரும் நல்ல ஃபிட், ஆனா சிங்கிள்ஸ்ல அண்ணையைத் தாண்டி வரமாட்டாங்க. இடக்கையால வெட்டிப் போடுற சேர்வ், அட்வான்டேஜ் பக்கத்தில (தன்ட இடப்பக்கத்தில) இருந்து, வலக்கைக்காரருக்கு பேக்ஹாண்ட் பக்கம் விலகி விலகி கோர்ட்டை விட்டே வெளியால போகும். 30-40, 0-40 எல்லாம் அந்தப் பக்கத்தில இருந்துதான் போடுறது, அதால அண்ணையிட்ட பிரேக் பொயிண்ட், அதாவது அவர் சேர்வ் பண்ற கேமை எதிராளி வெல்லுற பொயிண்ட், எடுக்கிறது அவ்வளவு கஷ்டம். இதில கச்சானையும் சேருங்க. தெற்குப் பக்கத்தில நிண்டு போட்டார் எண்டா காத்தும் வலப்பக்கம்தான் தள்ளுது, அவர்ட பந்தும் வலப்பக்கம்தான் வளையுது, கம்பி வேலியில போய் நிண்டாத்தான் பிடிக்கலாம். வடக்குப் பக்கம் போனா காத்து அதே வளைவை நிமித்திப் போடும், சாதாரண சேர்வாகிடும். அவரோட விளையாடப்போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், தெற்குப் பக்க கேமை நினைச்சு கவலைப்படாதீங்க, வடக்குப் பக்க கேம்ல உயிரைக் குடுத்து ஒரு பிரேக் எடுங்க. இந்த முறை நோ-அட் எண்டு சொல்லிட்டாங்க, 40-40 வந்தா ஒரே பொயிண்ட், எந்தப் பக்கம் வாங்குறதெண்டு ரிசீவர்தான் சொல்றது. அண்ணைக்கு எதிரா அந்த நேரத்தில யாரும் அட்வான்டேஜ் பக்கத்தைக் கேட்டுப் போடாதீங்க, கண்ணை மூடிக்கொண்டு டியூஸ் பக்கத்தை, வலப்பக்கத்தை, கேளுங்க.

பெண்கள் சிங்கிள்ஸ் பற்றிச் சொல்லேக்க எனக்கு கோபம் வருது, மறைக்க விரும்பேல்ல. நாலு பேர்தான் விளையாடுறாங்க எண்டு அவங்கட பைனலை ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போட்டிருக்காங்க. அந்த வெயில்ல யார் வந்து பார்ப்பாங்க? யாரும் பார்க்காத மட்ச்சைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு ரக்கெட் தூக்க ஆசை வரும்? நாலு பேர்தான் எண்டு ஒவ்வொரு முறையும் உச்சி வெயிலுக்குத் தள்ளினா நாலு ஏன் எட்டாகேல்ல எண்டு பிறகு யாரிட்ட கேக்கிறது. நேர்ஸா இருக்கிற தங்கச்சியிட்ட ரெண்டு கை பேக்ஹாண்ட் இருக்கு, ஆம்பிளைகள் ட்ரோவிலயும் அதை விட நல்ல பேக்ஹாண்ட் ரெண்டோ மூண்டோதான் தேறும், நைட் டியூட்டி முடிச்சு வந்து பிராக்டிஸ் பண்ணிப்போட்டு நித்திரைக்குப் போற பிள்ளை அவ. கப் அவவுக்குத்தான், என்ட கணிப்பில சந்தேகமே இல்ல. கமிட்டியில இருக்கிறவங்களிட்ட கெஞ்சிக் கேக்கிறன், அந்த பைனலை மூண்டரைக்கு மாத்துங்க, ஆம்பிளைகள் டபிள்ஸ் பைனலை மத்தியானம் போடுங்க. டபிள்ஸ்ல ஆளுக்குப் பாதி கோர்ட்தான், வெயில் அவங்களைக் குறைவாத்தான் வாட்டும்.

டபிள்ஸ் நேவி சோடிக்கு. ரெண்டு பேரும் ஒண்டா நெட்டுக்கு வாறாங்க, ஒண்டா பின்னுக்குப் போறாங்க, மற்ற சோடியெல்லாம் ஒருத்தர் முன்னுக்கு ஒருத்தர் பின்னுக்கு எண்டு நடுவில பெரிய ஓட்டை விட்டுக்கொண்டு நிக்கிறாங்க. பேங்க் அண்ணையும் டொக்டரும் மட்டும் அவங்களுக்கு தலைக்கு மேலால தூக்கி லொப் போட்டு பார்க்கலாம், அதுவும் காத்தைப் பார்த்து.

இன்னொண்டு, செமிபைனல் வரைக்கும் அம்பயர் இல்ல, அவங்கவங்க பக்கத்தில விழுற பந்தை அவங்கவங்கதான் சொல்லோணும். லைன்ல ஒரு மயிரிழை பட்டாலும் அது உள்ள, சரியாத் தெரியேல்லையா அதுவும் உள்ள. போன முறை இதால வந்த சண்டை ஊரில எல்லாருக்கும் தெரியும், இந்த முறை பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருப்பாங்க. மூண்டாவது செட்டுக்குப் பதிலா 10 பொயிண்ட் டைபிரேக் எண்டதால ஒரு பிழையான தீர்ப்பு ஒரு மட்ச்சையே கொண்டுபோகும். அதோட பந்து. ரெண்டு செட் அந்தச் சீமெந்தில தேய்ஞ்ச பந்தோட டைபிரேக் விளையாட விடாதீங்க, செமிபைனலுக்கும் பைனலுக்கும் புதுசா ஒரு டின் உடைங்க. கோட்டைப் பக்கத்து மான் கோர்ட் வாசல் வரைக்கும் வாறது வழமைதானே, உள்ள வந்திட்டா கலைக்காம லெட் சொல்லி அந்தப் பொயிண்டைத் திரும்ப விளையாடுங்க, கல் எறியிற வேலை வேண்டாம்.

பைனல் ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணிக்கு, நானாவும் இடக்கை அண்ணையும் எண்டுதான் நினைக்கிறன். அந்த நேரத்தில எல்லாம் மாறலாம். கச்சான் விழுந்து கடல் காத்து எழும்பினா காத்து கிழக்கால வரும், அப்ப அண்ணைக்கு ராசியான பக்கம் தெற்கில்ல, வடக்கு. ரெண்டு நாளா ஒரு பக்கத்துக்குப் பழகின கையோட வந்து நிக்கிறவருக்கு முதல் மூண்டு நாலு கேம் தடுமாறும், அந்த நேரத்தில நானா வழமை போல குறுக்கால குறுக்கால அடிச்சு ஒரு பிரேக் எடுத்து முதல் செட்டை எடுப்பார். ரெண்டாவது செட் அண்ணைக்கு, அவர் அவ்வளவு நேரம் தடுமாறிக்கொண்டு நிக்கிற ஆள் இல்ல. டைபிரேக்ல நானா, 10-7.