அப்பாவுக்கு ரோஸ் பவுடர் போட்டது நான் இல்லைங்க

இனிமே எவனாவது "கொஞ்சம் ரியலா பண்ணுங்க தம்பி"ன்னு வந்தா குன்னூர் சிம்ஸ் பார்க் வரைக்கும் ஓட ஓட வெரட்டுவேன்.

பதினெட்டு நாள்ங்க. ஒரு கஸ்டமருக்கு வருஷத் திதிக்கு அவரோட அப்பா படம் வேணுமாம், கையில இருக்கறது எஸ்டேட் குரூப் போட்டோ, அதுல அப்பா மூஞ்சி கடுகளவு. சரின்னு பிளெண்டர்ங்கற 3D சாஃப்ட்வேர்ல மூஞ்சியை சிலையாட்டம் செதுக்கி, தோல்ல துவாரம் துவாரமா வச்சு, கன்னத்துல பூனை முடி வெதச்சு, கண்ணு செத்த மீனாட்டம் இருக்கக்கூடாதுன்னு கீழ் இமை ஈரத்துக்கே தனியா ஒரு 3D உருவம். தோல் என்ன பெயின்ட்டா? வெளிச்சம் உள்ள போயி அலைஞ்சு வேற எடத்துல வெளிய வரும், அதுலயும் சிவப்புதான் ரொம்ப தூரம் போகும், காதுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா செவக்குதே அதான். இதைக் கம்ப்யூட்டர்ல கொண்டு வந்ததுக்கு ஜென்சன்ங்கற ஆராய்ச்சியாளர் கூட்டத்துக்கு 2004ல ஆஸ்கர்காரங்க டெக்னிக்கல் அவார்டே குடுத்தாங்க.

காலம் பூரா குன்னூர் குளிர்ல தேயிலைக் காட்டுல நின்ன மனுசன் கன்னம் எப்படி இருக்கும்? செவந்து, காஞ்சு, லேசா வெடிச்சு. அதையும் வச்சேன். கம்ப்யூட்டர் அதைப் படமாக்க, அதான் ரெண்டர், ஆறு மணி நேரம், நடுவுல ரெண்டு தடவை கரண்ட் கட், எங்க லைனுக்குத் தூறல் போட்டாப் போதுமே.

லேப்டாப்பைத் தூக்கிட்டு அவங்க வீட்டுக்கே போனேன். பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"அப்பாவுக்கு எதுக்கு தம்பி ரோஸ் பவுடர் போட்டீங்க?"

ரோஸ் பவுடர்!

அப்புறம் கலரை ஏத்துங்க, சுருக்கத்தை எடுங்கன்னாரு. எடுத்தேன். ரெண்டு ஸ்லைடர், ரெண்டு நிமிஷம், அப்பா ஜவுளிக்கடை பொம்மை ஆயிட்டாரு. "ஆங், இப்பதான் அப்பா"ங்கறாரு! பொம்மை மனுசனை நெருங்க நெருங்க ஒரு எடத்துல உடம்பு கூசும், அது ஒரு பள்ளத்தாக்குன்னு மோரிங்கற ஜப்பான்காரர் 1970லயே எழுதி வச்சாரு. இவரு அந்தப் பள்ளத்துல பட்டா வாங்கி வீடே கட்டுவாரு.

மூலையில கம்பளி போத்தி உக்காந்திருந்த அவங்கம்மா அப்பதான் எட்டிப் பாத்தாங்க. "இவருக்கு எடது காது மடங்கி இருக்குமேப்பா, ரெண்டும் ஒரே மாதிரி நிக்குது?"

மிரர் மாடிஃபயர். பாதி மூஞ்சியைச் செஞ்சு மறுபாதிக்கு மிரர் போட்டுட்டு, பதினெட்டு நாள் துவாரம் எண்ணியிருக்கேன். குரூப் போட்டோவை ஜூம் பண்ணா அந்தக் கடுகளவு மூஞ்சிலயும் காது மடங்கித்தான் இருக்கு. சிரிச்சுட்டேன், வேற என்ன பண்றது.

டீக்கு வச்ச வர்க்கியும் நமத்துப் போயிருந்துச்சு. அதுக்கு இன்னொரு நாள் தனியா கத்தணும்.